வறண்ட நிலத்தில் ஆறும் கிணறும்

ராஜஸ்தானின் மேற்குப் பகுதியில் ஓடும் லூனி ஆறு, ஆண்டின் பெரும்பகுதியில் ஓர் ஆறாகவே காட்சி தருவதில்லை. இரு கரைகளுக்கும் இடையே அகன்ற மணற்பரப்பு மட்டுமே கிடக்கிறது. ஆட்டு மந்தைகளும் ஒட்டகங்களும் அதன் குறுக்கே நடந்து செல்கின்றன. ஆயினும் அதன் கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் இருந்து வந்துள்ளது. அந்நீரைக் கொண்டு கோதுமை, கடுகு, சீரகம் போன்ற குளிர்காலப் பயிர்கள் விளைகின்றன. கரையை விட்டுச் சில கிலோமீட்டர் விலகிச் சென்றால் கிணறுகள் ஆழமாகின்றன. பல ஊர்களில் நீர் உப்புக் கரிக்கிறது. ஆறு வறண்டு கிடக்கும்போது அதன் ஓரத்தில் மட்டும் நல்ல நீர் கிடைப்பது எவ்வாறு? அந்நீர் எங்கிருந்து வருகிறது? அது எவ்வளவு காலம் நிலைக்கும்?

வறண்ட பகுதிகளின் வேளாண்மையும் குடிநீரும் இவ்வினாக்களின் விடையையே பெரிதும் சார்ந்துள்ளன. ஆற்று நீரை ஒரு கணக்காகவும் நிலத்தடி நீரை வேறொரு கணக்காகவும் எழுதும் வழக்கம் நீண்ட காலமாக இருந்து வருகிறது. இயற்கையோ அவ்வாறு இரு கணக்குகள் வைத்துக்கொள்வதில்லை.

கொடுக்கும் ஆறும் பெறும் ஆறும்

நிலத்துக்கு அடியில் மணல், சரளை, வெடிப்புள்ள பாறை ஆகியவற்றின் இடைவெளிகளில் நீர் நிரம்பியுள்ள அடுக்கை நீர்தாங்கி அடுக்கு என்பர். அவ்வடுக்கில் நீர் நிரம்பியிருக்கும் மேல் எல்லையே நிலத்தடி நீர்மட்டம். ஆழமற்ற கிணற்றில் தெரியும் நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ இம்மட்டத்தையே காட்டுகிறது.

ஆற்றுக்கும் நீர்தாங்கி அடுக்குக்கும் இடையே நீர் எத்திசையில் செல்லும் என்பதை இரு மட்டங்களின் உயரமே முடிவு செய்கிறது. கரையோர நிலத்தடி நீர்மட்டம் ஆற்று நீரின் மட்டத்தைவிட உயர்ந்திருந்தால், நிலத்தடி நீர் ஆற்றுக்குள் கசிந்து வரும். இத்தகைய ஆற்றை நீர் பெறும் ஆறு எனலாம். மழையற்ற மாதங்களிலும் ஓர் ஆறு ஓடுகிறதென்றால், பனி உருகி வரும் ஆறுகளையும் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படும் ஆறுகளையும் தவிர்த்து, மற்றவற்றில் பெரும்பாலும் இக்கசிவே காரணம்.

மாறாக, நிலத்தடி நீர்மட்டம் ஆற்று நீரின் மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால், ஆற்று நீர் படுகை வழியாகக் கீழிறங்கிச் செல்லும். இது நீர் இழக்கும் ஆறு. ஈரப்பதமிக்க பகுதிகளில் ஆறுகள் பெரும்பாலும் நீர் பெறுபவை. வறண்ட பகுதிகளில் பெரும்பாலும் நீர் இழப்பவை. ஒரே ஆறு ஓரிடத்தில் பெறுவதும் வேறோரிடத்தில் இழப்பதும் உண்டு. ஒரே இடத்தில்கூட, வெள்ளத்தின்போது கரைக்குள் நீரைச் செலுத்தி, வெள்ளம் வடிந்தபின் அந்நீரின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதும் உண்டு.

நீர் இழக்கும் ஆறுகளிலும் இரு நிலைகள் உள்ளன. ஆற்றுப் படுகைக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள மண் முழுவதும் நீரால் நிரம்பியிருந்தால் இரண்டும் இணைந்துள்ளன. இந்நிலையில் கிணறுகள் நீர்மட்டத்தைக் கீழே இறக்கினால், ஆற்றிலிருந்து கசியும் நீரும் அதற்கேற்ப அதிகரிக்கும். நீர்மட்டம் மிகவும் தாழ்ந்துவிட்டால் இடையில் ஈரம் முழுமையாக நிரம்பாத மண்ணடுக்கு உருவாகிறது. அப்போது ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள நேரடி இணைப்பு அறுபடுகிறது. படுகையின் கசிதிறன் எவ்வளவோ அவ்வளவு நீர் மட்டுமே கீழிறங்கும். அதன்பின் நீர்மட்டத்தை எவ்வளவு இறக்கினாலும் கசிவின் வேகம் குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதில்லை. கிணற்றை ஆழப்படுத்தினால் ஆறு மேலும் நீர் தரும் என்ற நம்பிக்கை ஓர் எல்லைக்குப் பின் பொய்த்துப்போவதற்குக் காரணம் இதுவே.

லூனியின் இயல்பு

லூனி ஆறு அஜ்மீருக்கு அருகே ஆரவல்லி மலைத்தொடரின் நாக் மலைப் பகுதியில் தோன்றி, தென்மேற்கு நோக்கி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் சென்று கட்ச் ரண் உவர்நிலத்தில் முடிகிறது. கடலை நேரடியாக அடைவதில்லை. சுக்ரி, பாண்டி, ஜவாய், குஹியா முதலிய துணையாறுகள் ஆரவல்லியின் மேற்குச் சரிவிலிருந்து இறங்கி இதன் இடக்கரையில் சேர்கின்றன. வலக்கரையில் சேரும் முக்கியத் துணையாறு ஜோஜரி மட்டுமே.

இவ்வடிநிலத்தில் மழை கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிக் குறைகிறது. ஜோத்பூரில் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 360 மில்லிமீட்டர். பார்மேரில் அதனினும் குறைவு. மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள சில நாட்களிலேயே பெய்துவிடுகிறது. ஆவியாகக்கூடிய நீரின் அளவோ மழையைப் போல் பல மடங்கு. ஆகவே, சமவெளியில் நேரடியாகப் பெய்யும் மழையில் மிகச் சிறு பகுதியே நிலத்தடி நீரைச் சென்றடைகிறது. மண்ணின் மேலடுக்கு அதை உறிஞ்சிக்கொள்கிறது. வெயில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

ஆற்றுப் படுகையில் நிலைமை வேறு. பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்த மழை ஒரு குறுகிய மணற்பட்டைக்கு வந்து சேர்கிறது. அம்மணல் நீரை விரைந்து உட்கொள்கிறது. வெயில் எட்டாத ஆழத்துக்கு நீர் ஓரிரு நாட்களில் இறங்கிவிடுகிறது. வறண்ட நிலத்தில் நிலத்தடி நீர் சேர்வதற்குரிய வாயில்களில் ஆற்றுப் படுகையே முதன்மையானது என்பதற்கு இதுவே காரணம்.

வெள்ளம் வரும் நாளில்

வெள்ளம் வறண்ட படுகையில் முன்னேறும்போது அதன் முகப்பிலிருந்தே இழப்பு தொடங்குகிறது. காய்ந்த மணல் முதலில் மிகுந்த வேகத்தில் நீரை உறிஞ்சுகிறது. ஈரமாக ஆக அவ்வேகம் குறைந்து ஒரு நிலையான அளவை அடைகிறது. மேற்பகுதியில் ஆள் உயரத்துக்கு எழுந்த வெள்ளம் கீழ்ப்பகுதியில் முழங்காலளவாகக் குறைவதும், சிறு வெள்ளமாயின் வழியிலேயே மறைந்துவிடுவதும் இதனால்தான். இதை நீரியலார் ஓட்ட வழி இழப்பு என்பர். ஜோத்பூரில் 1959 முதல் இயங்கிவரும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலார் லூனி வடிநிலத்தில் இவ்விழப்பை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வால்நட் கல்ச் என்னும் ஆய்வு வடிநிலத்திலும் இத்தகைய அளவீடுகள் 1950கள் தொட்டு நடந்து வருகின்றன.

இழப்பு என்னும் சொல் ஒரு பக்கத்துப் பார்வையே ஆகும். கீழ்ப்பகுதியில் உள்ள ஏரிக்கு அது இழப்பு. வழியில் உள்ள கிணறுகளுக்கு அது வரவு. வெள்ளம் எவ்வளவு உயரம் எழுந்தது என்பதைவிட, எத்தனை நாட்கள் படுகையை நனைத்துக்கொண்டிருந்தது என்பதே அவ்வரவைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஒரே நாளில் பாய்ந்து மறையும் பெருவெள்ளத்தைவிடப் பத்து நாட்கள் மெல்ல ஓடும் நீர் கிணறுகளுக்கு அதிகப் பயன் தரக்கூடும். 1979 ஜூலையில் லூனி வடிநிலத்தில் ஏற்பட்டது போன்ற பெருவெள்ளங்கள் ஊர்களுக்கும் வயல்களுக்கும் பெருஞ்சேதம் விளைவிக்கின்றன. அதே வேளையில் படுகையின் அகலம் முழுவதையும் நனைத்து, சாதாரண ஆண்டுகளில் நீர் எட்டாத பகுதிகளையும் நிரப்பிச் செல்கின்றன.

வெள்ளம் தன்னுடன் வண்டலையும் கொண்டு வருகிறது. வேகம் தணியும்போது நுண்ணிய வண்டல் மணலின்மீது மெல்லிய தோல் போலப் படிகிறது. சில மில்லிமீட்டர் கனமே உள்ள அத்தோல், அடியில் உள்ள மணலின் கசிதிறனைப் பெரிதும் குறைத்துவிடும். அடுத்த வெள்ளத்தின் வேகம் அதைக் கிழித்து அகற்றுகிறது. நீர் தேங்கி நிற்கும் தடுப்பணைகளின் பின்புறத்தில் அவ்வேகம் கிடைப்பதில்லை. ஆகவே, அங்கு வண்டலை மனிதனே அகற்ற வேண்டியுள்ளது. தூர் வாராத தடுப்பணை சில ஆண்டுகளில் நீரைக் கசியவிடாமல் வெயிலுக்கு ஒப்படைக்கும் தொட்டியாக மாறிவிடுகிறது.

மணல் என்னும் நீர்த்தேக்கம்

ஆற்று மணல் எவ்வளவு நீரைச் சேமிக்கும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள படுகையில் 5 மீட்டர் ஆழத்துக்கு மணல் நீரால் நிரம்பியிருப்பதாகக் கொள்வோம். அம்மணலின் மொத்தக் கன அளவு 5,00,000 கனமீட்டர். அதில் வடித்தெடுக்கக்கூடிய நீர் 20 விழுக்காடு எனக் கொண்டால் 1,00,000 கனமீட்டர், அதாவது 10 கோடி லிட்டர் நீர் கிடைக்கும். ஊரகக் குடிநீர்த் திட்டங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவு கொள்ளப்படுகிறது. அவ்வளவின்படி ஏறத்தாழ 5,000 பேருக்கு ஓராண்டுக்குத் தேவையான நீர் இது.

இச்சேமிப்புக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. திறந்த ஏரியில் நீர் இருக்கும்வரை வெயில் அதை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். மணலிலோ நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் தாழ்ந்தவுடன் ஆவியாதல் மிகவும் குறைந்துவிடுகிறது. காய்ந்த மேல்மணலே மூடியாக அமைகிறது. கோடையில் ஆற்று மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் தொன்றுதொட்டு இருந்து வருவது இவ்வுண்மையை மக்கள் நன்கறிந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

தார்ப் பாலைவன மக்களின் மொழியில் நீருக்கு மூன்று பெயர்கள் உள்ளன. மழையாகப் பெய்து நிலத்தின்மேல் ஓடும் அல்லது தேங்கும் நீர் பாலர் பானி. கிணற்றின் ஆழத்தில் கிடைக்கும் நிலத்தடி நீர் பாதாள் பானி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது நீர் ரேஜாணி பானி. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள ஜிப்சப் படலத்தால் தடுக்கப்பட்டு, உவர் நிலத்தடி நீருடன் கலவாமல் ஈரமாகத் தங்கி நிற்பதே இது. குறுகிய வாயுடைய குயீன் என்னும் கிணறுகளைத் தோண்டி, அவ்வீரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேரும் நன்னீரை மக்கள் எடுத்தனர். அனுபம் மிஸ்ரா 1995இல் வெளியிட்ட இந்தி நூலில் இம்மூன்று நீர்களையும் விளக்கியுள்ளார். மேல்நீர், நிலத்தடி நீர் என்னும் இரண்டாக மட்டும் பிரிக்கும் நிர்வாக வழக்கைவிட இப்பகுப்பு நுட்பமானது. ஒன்று மற்றொன்றாக மாறும் நிலையையும் அது பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறது.

நன்னீரும் உவர் நீரும்

லூனி என்னும் பெயரே உப்பைக் குறிப்பது. பாலோத்ரா வரை ஆற்று நீர் நல்ல நீர், அதற்குக் கீழே உவர் நீர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. மேற்பகுதியில் ஆரவல்லியிலிருந்து வரும் புதுவெள்ளம் மணலை நிரப்புகிறது. கீழ்ப்பகுதியில் மழை குறைவு, சரிவு குறைவு, ஆவியாதல் மிகுதி. அங்கு மண்ணிலும் ஆழமற்ற நிலத்தடி நீரிலும் உப்பு திரண்டுள்ளது. ஆற்று நீர் அவற்றோடு கலந்து உவர்ப்படைகிறது.

பெரும்பகுதி உவர் நீரால் சூழப்பட்ட வடிநிலத்தில் ஆற்றோரத்தில் மட்டும் நன்னீர் கிடைப்பது அடர்த்தியின் விளைவு. நன்னீர் உவர் நீரைவிட இலேசானது. வெள்ளக் காலத்தில் படுகை வழியாக இறங்கும் நன்னீர், அடியில் உள்ள உவர் நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. ஒவ்வொரு வெள்ளமும் அப்படலத்தைப் புதுப்பிக்கிறது. கிணறுகள் அளவோடு நீர் எடுக்கும்வரை படலம் நிலைத்திருக்கும். ஆழ்குழாய்களைப் படலத்தின் அடிவரை இறக்கி வேகமாக இறைத்தால், கீழிருந்து உவர் நீர் கூம்பு வடிவில் மேலெழுந்து குழாய்க்குள் வந்துவிடும். அதன்பின் இறைப்பதை நிறுத்தினாலும் பழைய நிலை விரைவில் திரும்புவதில்லை. அந்நீரைப் பாய்ச்சிய வயலிலும் உப்புப் படிகிறது. கிணற்றில் நீர் இருந்தும் பயிரிட இயலாத நிலை இவ்வாறு தோன்றுகிறது.

கிணறு ஆற்றிடமிருந்து எடுத்துக்கொள்வது

பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856இல் மணல் வழியாக நீர் செல்லும் விதியை வெளியிட்டார். மணலின் கசிதிறனும் நீர்மட்டத்தின் சரிவும் எவ்வளவோ அதற்கேற்பவே நீரோட்டம் அமையும் என்பது அவ்விதியின் சாரம். ஒரு நல்ல ஆற்று மணலின் கசிதிறன் நாளொன்றுக்கு 40 மீட்டர் எனவும், நீர்மட்டத்தின் சரிவு 1,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் எனவும், மணலில் இடைவெளி 20 விழுக்காடு எனவும் கொண்டால், நீர் ஒரு நாளில் 20 சென்டிமீட்டரும் ஓராண்டில் 73 மீட்டரும் நகர்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் செல்லும் வெள்ளம் அதே தொலைவை 73 நொடிகளில் கடந்துவிடும். ஆற்றின் கடிகாரமும் நிலத்தடி நீரின் கடிகாரமும் இவ்வளவு வேறுபட்டவை.

நீர்த்துளி மெல்ல நகர்ந்தாலும், கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்ததன் விளைவு அதைவிட விரைவாகப் பரவும். ஆயினும் அதற்கும் காலம் தேவை. அக்காலம் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் உள்ள தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப நீளுகிறது. ஆற்றிலிருந்து 500 மீட்டர் தொலைவில் உள்ள கிணற்றின் தாக்கம் ஆற்றில் தெரிய 100 நாட்கள் ஆகுமென்றால், அதே மண்ணில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிணற்றின் தாக்கம் தெரிய 400 நாட்கள் ஆகும். இதனால் இறைத்தவருக்கும் இழந்தவருக்கும் இடையே உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறு வறண்டதற்கு அவ்வாண்டு மழையைக் குறை கூறுவர். காரணமோ முன்னைய ஆண்டுகளின் இறைப்பாக இருக்கக்கூடும்.

அமெரிக்க நீரியலார் சி. வி. தைஸ் 1940இல் இவ்வுண்மையைத் தெளிவுபடுத்தினார். கிணற்றிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு துளியும் வேறெங்கோ ஒரு குறைவால் ஈடுசெய்யப்பட்டே தீரும். முதலில் சேமிப்பு குறையும். பின்னர் ஆற்றுக்குச் செல்லும் கசிவு குறையும் அல்லது ஆற்றிலிருந்து வரும் கசிவு கூடும். புதிதாக நீர் படைக்கப்படுவதில்லை.

அதற்காகக் கிணற்று நீரை எடுக்கவே கூடாது என்பது பொருளன்று. படுகை விளிம்புவரை நிரம்பியிருந்தால் அடுத்த வெள்ளம் உட்புக இடமின்றிக் கடந்துவிடும். கோடையில் ஓரளவு இறைத்து இடம் செய்துவைத்தால் அவ்வெள்ளத்தைத் தேக்கிக்கொள்ளலாம். வெள்ளம் நிரப்பக்கூடிய அளவுக்கு இறைப்பது சிக்கனமான பயன்பாடு. அதற்கு மேல் இறைப்பது முதலைக் கரைப்பது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் இந்தியா முழுவதற்குமாக எடுக்கப்படுவது ஏறத்தாழ 59 விழுக்காடு. ராஜஸ்தானில் அது ஏறத்தாழ 149 விழுக்காடு. ஆண்டு வரவு 100 ரூபாயாக இருக்க, 149 ரூபாய் செலவிடும் குடும்பத்தின் நிலைக்கு இது ஒப்பாகும்.

ஆர்வாரி தரும் பாடம்

நீர் இழந்த ஆறு மீண்டும் நீர் பெறும் ஆறாக மாற இயலுமா? ராஜஸ்தானின் கிழக்கே அல்வர் மாவட்டத்தில் உள்ள ஆர்வாரி என்னும் சிற்றாறு இதற்கு ஒரு சான்று. காடுகள் அழிந்து, பழைய நீர்நிலைகள் பராமரிப்பின்றிப் போனபின் இது மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறாக இருந்தது. 1980களின் நடுவில் தருண் பாரத் சங்கம் என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு ஊர் மக்கள் ஜோஹட் எனப்படும் மண்கரைக் குளங்களைச் சீர்செய்யவும் புதியவற்றை அமைக்கவும் தொடங்கினர். ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள பாவ்ந்தா, கோல்யாலா ஆகிய ஊர்கள் இதில் முன்நின்றன. பின்னர் வடிநிலமெங்கும் நூற்றுக்கணக்கான சிறு கட்டுமானங்கள் எழுந்தன.

குளங்களில் தேங்கிய நீர் வெடிப்புள்ள பாறைகள் வழியே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை ஆண்டுக்காண்டு உயர்த்தியது. அம்மட்டம் ஆற்றுப் படுகையின் மட்டத்தைத் தொட்டபோது கசிவின் திசை மாறியது. 1990களின் நடுவில் ஆர்வாரி மழைக்காலத்துக்குப் பின்னும் ஓடலாயிற்று. ஆற்றுக்குள் ஒரு கால்வாயையும் வெட்டாமல், கரைக்கு அப்பாலுள்ள நிலத்தடி நீரை உயர்த்தியே ஆற்றை ஓடச் செய்ததுதான் இங்குக் கருதத்தக்கது. 1990களின் இறுதியில் வடிநிலத்தின் 70 ஊர்கள் சேர்ந்து ஆர்வாரி நாடாளுமன்றம் என்னும் அவையை அமைத்து, அதிக நீர் கேட்கும் பயிர்களையும் கட்டுப்பாடற்ற இறைப்பையும் தவிர்ப்பதற்கான நெறிகளை வகுத்தன.

இந்த அவை குளங்களுக்கு ஈடான முக்கியத்துவம் உடையது. குளங்கள் நீரைச் சேர்த்தபின் கிணறுகள் அதைவிட அதிகமாக இறைத்தால் திசை மீண்டும் மாறிவிடும். மேலும், பின்னர் இவ்வடிநிலத்தில் நடந்த நீரியல் ஆய்வுகள், மேற்பகுதியில் தேக்கும் நீர் நிலத்தடி நீரைப் பெருக்கும் அதே வேளையில் கீழ்ப்பகுதிக்குச் செல்லும் வெள்ளத்தைக் குறைக்கிறது என்பதையும் சுட்டியுள்ளன. ஆகவே, எத்தனை தடுப்பணைகள் என்பதையும் ஆற்றின் தலை முதல் கடை வரை உள்ள ஊர்கள் கூடிப் பேசியே முடிவு செய்ய வேண்டியுள்ளது. ராஜஸ்தானில் இத்தகைய சிறு தடுப்பணைகளை இன்றும் அனிகட் என்றே அழைக்கின்றனர். தமிழின் அணைக்கட்டு என்னும் சொல்லே ஆங்கிலத்தின் வழியாக அங்குச் சென்று நிலைபெற்றது.

வாயில் அடைபடும்போது

ஆற்றுப் படுகை நிலத்தடி நீருக்கு வாயில் என்றால், அவ்வாயிலுக்கு நேரும் கேடு கிணற்றுக்கும் நேரும். இன்று இரு கேடுகள் முன்நிற்கின்றன.

முதலாவது மணல் அள்ளுதல். மணலை அள்ளுவது நீர்த்தேக்கத்தின் கொள்ளளவையே அள்ளிச் செல்வதாகும். படுகை தாழ்ந்தால் கரையோர நிலத்தடி நீர் படுகைக்குள் வடிந்து வீணாகும். மணல் முழுவதும் அகன்று களிமண்ணோ பாறையோ வெளிப்பட்டால் வெள்ளம் உட்புகாது கடந்துவிடும். ராஜஸ்தானில் உரிய ஆய்வும் சுற்றுச்சூழல் அனுமதியும் இன்றி ஆற்று மணல் எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தடுத்தது. ஆண்டுதோறும் வெள்ளம் எவ்வளவு மணலைத் திரும்பக் கொணர்கிறது என்பதை அறிந்தபின்பே எவ்வளவு அள்ளலாம் என்பதை வரையறுக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. 2021இல் நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கப்பட்டது.

இரண்டாவது கழிவுநீர். பாலி நகரில் பாண்டி ஆற்றிலும், ஜோத்பூரில் ஜோஜரி ஆற்றிலும், பாலோத்ராவில் லூனியிலும் துணிகளுக்குச் சாயமிடும் தொழிலின் கழிவு நெடுங்காலமாகக் கலந்து வந்துள்ளது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றில் கலந்த கழிவு நீர்த்துப்போக ஓரளவு வாய்ப்பு உண்டு. வறண்ட ஆற்றிலோ ஆண்டின் பெரும்பகுதியில் ஓடுவது கழிவு மட்டுமே. நன்னீரை உட்கொண்ட அதே மணல் கழிவையும் உட்கொள்கிறது. அது நேராகக் கரையோரக் கிணற்றைச் சேர்கிறது. ஓர் ஆற்றை ஒரு பருவத்தில் தூய்மைப்படுத்திவிடலாம். ஆண்டுக்கு 73 மீட்டர் நகரும் நிலத்தடி நீரைத் தூய்மைப்படுத்த ஒரு தலைமுறை போதாது. ஜோஜரி ஆற்றின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது சிக்கலின் கடுமையைக் காட்டுகிறது.

சட்டமும் நிர்வாகமும்

ஆறும் கிணறும் ஒன்றே என இயற்கை சொல்ல, சட்டம் அவற்றை வேறாகவே கண்டு வந்துள்ளது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, வரையறுத்த வாய்க்கால் எதிலும் ஓடாத நிலத்தடி நீரைத் தம் நிலத்தின் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கு உண்டு. ஆற்றிலிருந்து குழாய் போட்டு நீர் எடுக்க அனுமதி வேண்டும். கரையிலிருந்து நூறு மீட்டர் தள்ளிக் கிணறு தோண்டி அதே நீரை எடுக்கப் பல இடங்களில் நில உரிமையே போதுமானதாக இருந்து வந்துள்ளது. நிலமற்றவரின் குடிநீர்க் கிணறு வற்றும்போது அவர் முறையிடுவதற்கு இச்சட்டத்தில் இடம் குறைவு.

நிர்வாகத்திலும் இப்பிரிவு உண்டு. ஆறுகளுக்கு மத்திய நீர் ஆணையமும் நிலத்தடி நீருக்கு 1970இல் உருவான மத்திய நிலத்தடி நீர் வாரியமும் உள்ளன. இவ்விரண்டையும் இணைத்துத் தேசிய நீர் ஆணையம் ஒன்றை அமைக்க வேண்டுமென மிஹிர் ஷா தலைமையிலான குழு 2016இல் பரிந்துரைத்தது. 2019 டிசம்பரில் தொடங்கப்பட்ட அடல் பூஜல் திட்டம், ராஜஸ்தான் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் ஊராட்சி அளவில் மக்களே நீர் வரவு செலவைக் கணக்கிட வழிவகுத்தது. ஊரின் நீர்க் கணக்கில் கிணற்றோடு ஆற்றையும் சேர்த்து எழுதுவது இதன் அடுத்த படியாக அமைய வேண்டும்.

செய்யத்தக்கவை

வறண்ட பகுதி ஆறுகளைக் காக்கச் சில பணிகள் இன்றியமையாதவை. ஆற்றுக்கு நேர்க்குறுக்காகச் சில கிணறுகளைத் தேர்ந்து, வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து பதிவு செய்தல் முதலாவது. கயிறும் அளவுநாடாவும் கொண்டு பள்ளி மாணவரும் இதைச் செய்யலாம். இவ்வளவுகள் சில ஆண்டுகள் சேர்ந்தால், ஒரு வெள்ளம் எவ்வளவு நிரப்புகிறது, அது எத்தனை மாதங்கள் நிலைக்கிறது என்பது தெளிவாகும். கரையோரக் கிணறுகளின் ஆழத்துக்கும் இடைவெளிக்கும் வரையறை வகுத்தல், தடுப்பணைகளில் ஆண்டுதோறும் கோடையில் வண்டல் அகற்றுதல், அளவிட்டு அறிந்த வரவுக்கு உட்பட்டே மணல் எடுத்தல், சுத்திகரிக்கப்படாத கழிவை வறண்ட படுகையில் விடுவதை முற்றிலும் தடுத்தல் ஆகியவை ஏனையவை. அணைகளில் நீர் மிகும் ஆண்டுகளில் அதை ஒரே நாளில் திறந்துவிடாமல், இயன்றவரை பல நாட்களுக்குப் பகிர்ந்து மெல்ல விடுவதும் கீழ்ப்பகுதிக் கிணறுகளுக்குப் பயன் தரும்.

மேற்கு ராஜஸ்தானின் உழவர் மழைக்காலத்தில் ஆறு ஓடியதா என்று கேட்பது, அவ்வாண்டு வெள்ளத்தைக் காணும் ஆவலால் மட்டுமன்று. வரும் குளிர்காலத்தில் கிணறு எவ்வளவு நீர் தரும், எத்தனை பிகா நிலத்தில் விதைக்கலாம் என்பதை அவ்விடையிலிருந்தே அவர் கணித்துக்கொள்கிறார். ஆறும் கிணறும் ஒரே நீர் என்பதை அவருடைய சாகுபடிக் கணக்கு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. நாட்டின் சட்டமும் திட்டமும் அக்கணக்கைப் பின்பற்ற வேண்டியதே எஞ்சியுள்ள பணி.